சிரிக்காத முகத்தைத் தேடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. தினமும் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து அரை மணி நேரம் காமெடி கிளிப்கள் பார்ப்போம். போன வாரம் மகனின் ஆசிரியை கூப்பிட்டார். கூடப் படிக்கும் ஒரு பையனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்குமாம். அவனைப் போலவே இவன் திக்கிப் பேசிக் காட்டியிருக்கிறான், வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பையன் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லையாம். கேட்டால், "காமெடில அப்படித்தானே பண்றாங்க" என்கிறான் என் மகன். "காமெடிதானே, விடு, வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார் கணவர். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? இல்லை, யாரையும் நோகடிக்காத, குழந்தைகளுக்கு ஏற்ற நகைச்சுவை என்று ஒன்று இருக்கிறதா? எங்கே தேடுவது?
- ஓர் அம்மா

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

கிளிப்களை நிறுத்தலாம், சிரிப்பை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் எல்லோரோடும் ஒட்டி உட்கார்ந்து சிரிக்கிற அந்த அரை மணி நேரம் ஏழு வயதுப் பையனுக்கு ரொம்பப் பெரிது. அதைப் பிடுங்கிக்கொண்டால் சிரித்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். அவன் கெட்ட பையன் இல்லை. திரையில் ஒருவர் திக்கிப் பேசினார், பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது, பக்கத்தில் அப்பா அம்மாவும் சிரித்தார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, இப்படிச் செய்தால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று முடிவுக்கு வந்து வகுப்பில் செய்து பார்த்திருக்கிறான், வகுப்பும் சிரித்துவிட்டது. கூட்டலில் தப்பில்லை, அந்த இன்னொரு பையனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் தப்பு.

அதனால்தான் "வளர்ந்தா சரியாயிடும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கணவர் அன்போடுதான் சொல்கிறார், மகன்மேல் நம்பிக்கை வைத்துச் சொல்கிறார். ஆனால் ஒருவனை மட்டம் தட்டினால் கைதட்டல் கிடைக்கும் என்று ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளைக்கு, வளர வளர அதில் திறமைதான் கூடும். இப்போது ஏழு வயது, இப்போதே திருப்பிவிடலாம், பெரிய பாடும் இல்லை.

அந்தச் சிரிப்புச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டி செய்தார். விதவிதமான சிரிப்புகளைப் பதிவு செய்து அதற்குள் வைத்து, வேண்டிய இடத்தில் ஒரு விசையைத் தட்டி ஒலிக்கவிடுவார். மெல்லிய சிரிப்பு வேண்டுமா, அரங்கமே அதிரும் சிரிப்பு வேண்டுமா, எல்லாம் அதில் உண்டு. அன்றிலிருந்து எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவருக்குப் பதிலாக வேறு யாரோ முடிவு செய்வது பழக்கமாகிவிட்டது, இன்றைய கிளிப்களில் அதோடு "டொய்ங்" சத்தமும் வந்து சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் அதைக் காதில் வாங்காமலே கடந்துவிடுவோம். குழந்தை அப்படியில்லை, சத்தம் வந்த இடத்தில் சிரிக்கக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக நீங்கள் பார்க்கும் கிளிப் ஒன்றை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டு, முகங்களை மட்டும் பாருங்கள், அந்தக் காட்சியில் சிரிக்காத முகம் எது என்று தேடுங்கள். நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒருவன் பேச, இன்னொருவன் அவன் கன்னத்தில் அறைகிறான். அறைந்தவுடன் கேமரா எங்கே போகிறது? அறைந்தவன் முகத்துக்கு. பிறகு சுற்றி நிற்பவர்களுக்கு. அடி வாங்கியவன் முகம் அரை நொடி தெரிகிறது, கண் சுருங்கி, தலை குனிகிறது, உடனே வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த முகத்தை இன்னும் இரண்டு நொடி காட்டினால் சிரிப்பு வராது. ஒலியோடு நூறு தடவை பார்த்த காட்சி, ஒலியில்லாமல் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நல்ல நகைச்சுவையில் விழுந்தவன் முகத்தைத் தைரியமாகக் காட்டுவார்கள். அவன் எழுந்து, தூசியைத் தட்டி, உடைந்த நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி அதிலேயே உட்காரப் பார்ப்பான். நாமும் அவன் பக்கம்தான் இருப்போம். பழைய இத்தாலிய மேடை நாடகங்களில் கோமாளிகள் ஒரு தடி வைத்திருந்தார்கள், இரண்டு மெல்லிய பலகைகளைக் கைப்பிடியில் சேர்த்துக் கட்டியது. லேசாகத் தட்டினாலே பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய சத்தம் வரும், அடி பட்டவருக்கு வலிக்காது. விழுவது, மோதுவது, வழுக்குவது என்று உடம்பால் சிரிக்க வைக்கும் நகைச்சுவைக்கு ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர் வந்தது இந்தத் தடியிலிருந்துதான். குழந்தைகளுக்குத் தேடும்போது இந்தத் தடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? நான் முதலில் கை காட்டுவது வசனமே இல்லாத நகைச்சுவையை. வார்த்தை இல்லாத இடத்தில் பட்டப்பெயர் இல்லை, நிறத்தையும் உடம்பையும் சொல்லிக் கேலி இல்லை, இரட்டை அர்த்தம் இல்லை. நான்கு வயதுக்காரியும் ஏழு வயதுக்காரனும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். 2007இல் தொடங்கிய 'ஷான் த ஷீப்' களிமண் பொம்மைத் தொடர் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஏழு நிமிடம், ஒரு வசனம் கிடையாது, செம்மறியாடுகள் பண்ணைக்காரருக்குத் தெரியாமல் ஏதோ ஒரு கூத்து பண்ணும், காவல் நாய் பாவம் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். இதில் எனக்குப் பிடித்தது, மந்தையில் எல்லாரையும்விடப் பெருத்த ஆடு ஒன்று உண்டு, அதை வைத்தும் சிரிப்பு வரும், ஆனால் மந்தை அதை ஒருநாளும் விட்டுவிட்டுப் போகாது.

பேசாத படக் காலத்து நகைச்சுவைகளும் இருக்கின்றன, ஆனால் 'பழசு, அதனால் பாதுகாப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் உண்டு, பழைய கார்ட்டூன்களிலும் உண்டு. சார்லி சாப்ளினின் 'த கிட்' (1921) அருமையான படம், ஆனால் குழந்தையை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போகும் காட்சியில் நான்கு வயதுக் குழந்தை தேம்பி அழும், அது இன்னும் சில வருடம் காத்திருக்கட்டும்.

உங்கள் மகனுக்கு லாரல் ஹார்டியை அறிமுகப்படுத்துங்கள். 1932இல் வந்த அவர்களுடைய குறும்படம் ஒன்றில், இருவரும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டு வழியாக மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், கதை அவ்வளவுதான். ஏற்றுவார்கள், உருண்டு கீழே போய்விடும், பின்னாலேயே ஓடுவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். கடைசியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் தபால்காரர் வந்து, வண்டியிலேயே வந்திருக்கலாமே, அந்தப் பக்கம் சாலை இருக்கிறதே என்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பியானோவை மறுபடி படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாக மேலே கொண்டு வருவார்கள்! இந்த இடத்தில் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டுமே. "ஐயோ வேணாம், அங்கேயே வைங்க" என்று திரையைப் பார்த்துக் கத்துவார்கள். பெரியவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்கிற அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அது யாரையும் நோகடிக்காத சந்தோஷம். படத்தில் நடுவே கொஞ்சம் அடியும் உதையும் வரும், அதனால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, சின்னவளுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு வயதில் குழந்தைக்குச் சிரிப்பு வருவது இடம் மாறிப்போன பொருள்களைப் பார்த்துத்தான். காலில் மாட்ட வேண்டியதைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து, "ஏன் என்னால் நடக்க முடியலை?" என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் மகள் உருண்டு சிரிப்பாள், அதையே இருபது தடவை செய்யச் சொல்வாள். ஏழு வயதுக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது பிடிபடத் தொடங்கும், விடுகதைப் பைத்தியம் பிடிப்பது அப்போதுதான். "பல் இருக்கும், கடிக்க மாட்டான், யார்?" என்று கேட்டு, சீப்பு என்று அவனே கண்டுபிடித்துவிட்டால் அந்த விடுகதை வீட்டில் ஒரு வாரம் ஓடும். நக்கல் மட்டும் இந்த வயதுகளுக்குச் சரிப்படாது. சொல்வது ஒன்று, நினைப்பது வேறு என்பது ஐந்தாறு வயதுக்குக் கீழே பெரும்பாலும் புரிவதில்லை, அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் பிடிபடும். "ரொம்ப அழகா இருக்கே" என்று நக்கலாகச் சொன்னால் சின்னவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வாள், பெரியவன் அந்தக் குரலை மட்டும் கற்றுக்கொள்வான்.

திரை இல்லாமலும் நிறைய இருக்கிறது. "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" என்று வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள், பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நாக்கு ஒரே மாதிரிதான் புரளும், வீடே சிரிக்கும். (பேச்சு திக்குகிற பிள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.) கதை என்றால் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையிலிருந்து தொடங்குங்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி, எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் கதறி அழுகிறார்கள். சொல்லும்போது விரல் நீட்டி எண்ணிக் காட்டுங்கள், மூன்றாவது ஆள் வருவதற்குள் உங்கள் மகன் பொறுக்க முடியாமல் குதிப்பான். முட்டாள்கள்தான், ஆனால் காணாமல் போகாத ஒருவனுக்காக அப்படி அழுகிற முட்டாள்களை யாருக்குப் பிடிக்காமல் போகும்!

கைபேசியில் செய்ய வேண்டியது சுருக்கமாக. ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், நல்ல வீடியோ முடிந்ததும் தானாக வரும் அடுத்ததுதான் பெரும்பாலும் காலை வாரும். யூடியூப் கிட்ஸ் செயலியில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் தெரியும்படி அமைக்கலாம், அதைச் செய்யுங்கள். வயதுச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள், அது ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை பற்றித்தான் பெரும்பாலும் பேசும், உருவக் கேலி அதன் கண்ணில் படாமலே போய்விடலாம். குழந்தையைப் பயமுறுத்தி அழவைத்துவிட்டுப் பெற்றோரே சிரிக்கும் பிராங்க் வீடியோக்கள் மட்டும் வேண்டவே வேண்டாம், அவை எனக்குக் கோபத்தையே வரவழைக்கின்றன.

அப்புறம், கூடவே உட்காருங்கள். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க அறிஞர், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். உங்கள் வீட்டில் அந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதை விடாதீர்கள். ஏதாவது கெட்ட காட்சி வந்துவிட்டால் பதறி அணைக்க வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். நீங்கள் சிரிக்காமல் இருந்தாலே போதும், பிள்ளைகள் திரையைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். பிறகு நிறுத்தி, "இதில் சிரிக்காதது யாரு, கண்டுபிடி" என்று மகனிடம் கேளுங்கள். அவனுக்கு அது ஒரு விளையாட்டாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் நீங்கள் கேட்காமலே சொல்வான்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு முன்னால் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம், எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அந்தப் பிள்ளைக்குத்தான் இன்னொரு தண்டனையாக முடியும். முதலில் நீங்கள் அவன் அம்மாவிடம் பேசுங்கள், நடந்ததை மழுப்பாமல் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் அவனிடம் தனியாக, "நான் பண்ணது தப்பு, இனிமே பண்ண மாட்டேன்" என்று சொல்லட்டும். பிறகு, அவனுக்கு விருப்பமிருந்தால் மட்டும், ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்த ஆடுகள் தொடரைப் போடுங்கள், யாரும் பேச வேண்டிய தேவையில்லாத ஏழு நிமிடம். அவன் எந்த இடத்தில் சிரித்தான் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.