அடையாள அட்டை இல்லாத பெடியனைக் கழகத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று இருக்கிறது. தாய் தகப்பன் 1990இல் வள்ளத்தில் போனவர்கள். மகன் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். அவனுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லையாம். என் மகன் அவனை விளையாட்டுக் கழகத்தில் சேர்க்கக் கேட்டபோது, “அடையாள அட்டை இல்லாத ஆளால் நாளைக்குப் பிரச்சினை வந்தால்?” என்று தலைவர் மறித்துவிட்டார். பெடியன்களும் அவனை ‘இந்தியாக்காரன்’ என்று பகிடி பண்ணுகிறார்கள். நான் தலையிடலாமா?
- ஒரு தாய், வடமராட்சி

பதில்: தாராளமாகத் தலையிடுங்கள், அம்மா.

அவனுக்கு அட்டை இல்லாததற்கு அவன் என்ன செய்வான்? 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அந்நாட்டுக் குடியுரிமை கிடையாது. இலங்கைச் சட்டமோ வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியச் சொல்கிறது. முகாமில் இருந்து அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்குச் சென்னையிலுள்ள தூதரகத்துக்குப் போய்வருவது லேசான காரியமா? சரி, பிந்தினாலும் வழி இருக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் கால நீடிப்புக் கொடுக்கலாம். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, பெடியனின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம சேவையாளரிடம் போகட்டும். நீங்களும் கூடப் போங்கள். ஊரில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் நின்றால் அலைச்சல் குறையும்.

‘இந்தியாக்காரன்’ என்ற பகிடிதான் எனக்கு உறுத்துகிறது. 1948இல் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோதும் இதே பேச்சுத்தான். அந்தப் பிரச்சினையில் செல்வநாயகம், பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பொன்னம்பலம் அரசாங்கத்திலேயே இருந்துவிட்டார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியவர்களின் கணக்கை முடிக்க 2003இலும் புதுச் சட்டம் தேவைப்பட்டது. அந்தப் பேச்சை இப்போது நம்முடைய பிள்ளைகளே நம்முடைய பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறார்கள். உங்கள் மகன் அங்கேயே அதை மறித்துக் கதைக்கட்டும்.

தலைவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்க அட்டை கேட்பார்கள் என்றால் அது நியாயம். பின்னேரம் மைதானத்தில் பந்தடிக்க எதற்கு அட்டை? அப்புறம், அவருடைய சொந்தக்காரரில் சுவிஸிலோ பிரான்ஸிலோ ‘காட்’ (வதிவிட அனுமதி) கிடைக்காமல் வருடக்கணக்காக இருந்தவர் ஒருவராவது இருப்பார். அவரைப் பற்றி ஆறுதலாக விசாரியுங்கள். கதை அந்தப் பக்கம் திரும்பியதும் பெடியனின் பெயரைச் சொல்லுங்கள்.