வண்டி வருவது தெரிந்தும் காட்டு விலங்குகள் ஏன் இவ்வளவு அடிக்கடி ரோட்டில் அடிபட்டுச் சாகின்றன?

ஆறு வருஷம் மீன் லோடு ஓட்டியவன் நான். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி ஏற்றினால், சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து விடிவதற்குள் தூத்துக்குடியில் இறக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் ரோட்டில் நாங்களும் விலங்குகளும்தான்.

'அறிவு கெட்டது, குறுக்கே வந்து விழுது' என்று எங்களில் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவை தப்பிக்கத் தெரியாமல் சாகவில்லை. நரியிடமும் பருந்திடமும் காட்டிப் பிழைத்த வித்தையையே வண்டியிடமும் காட்டுகின்றன. முயலைப் பாருங்கள். வெளிச்சத்தில் மாட்டினால் ஓரமாக இறங்காது, நமக்கு முன்னாலேயே இடம் வலமாக வெட்டி வெட்டி ஓடும். துரத்துகிற நரிக்கு அப்படித் திரும்ப வராது, தடுமாறும். வண்டியோ நேராகத்தான் வரும், முயலே திரும்பி அதன் வழியில் வந்து மாட்டும். ஆமை நடுரோட்டில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கீரி மட்டும் ஒரே பாய்ச்சலில் போய்விடும், பாதி வழியில் திரும்பாமல் இருந்தால்.

இருட்டில் நடமாடும் விலங்குகளின் கண்ணுக்குள், கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ளும் படலம் ஒன்று உண்டு. மான் கண் மின்னுவது அதனால்தான். அந்தக் கண்ணில் பிரைட் லைட்டை அடித்தால் அதற்கு எதுவும் தெரியாது, அப்படியே நின்றுவிடும்.

சரி, மனிதன் கண் மட்டும் என்ன லட்சணம்? 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. டிம் லைட்டில் 50 மீட்டர் தூரம் தெரிந்தால் பெரிது. பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், லோடு வண்டி நிற்பதற்குள் அந்த 50 மீட்டர் முடிந்திருக்கும். போதாததற்கு எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் தார் விளிம்பு வரை வளர்ந்து நிற்கிறது. முள்ளுக்குள்ளிருந்து வெளியே வருகிற விலங்கு அடுத்த எட்டில் ரோட்டில் இருக்கும்.

ரோட்டுக்கு அவை ஏன் வருகின்றன என்பதற்குக் காலத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றினால் புள்ளிமான் தண்ணீர் தேடி ரோட்டைத் தாண்டும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும், முதல் மானுக்குப் பிரேக் போட்டுவிட்டு உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளைகள் வரும், அவற்றின் பின்னால் பாம்பு. பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தாரில், குளிர்ந்த ராத்திரியில் பாம்பு வயிறு ஒட்டப் படுத்துக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் குதிரைவாலியையும் ரோட்டிலேயே காயப்போடுகிறோம். பகலில் அதற்கு மயில் வரும். ராத்திரி எலி வரும், எலிக்கு ஆந்தை வரும். மயிலால் சட்டென்று எழும்ப முடியாது, கனம் அதிகம்.

அப்புறம் எங்கள் பங்கு. ஐஸ் உருகி, மீன் பெட்டியிலிருந்து ரத்தமும் தண்ணீருமாக வழி நெடுக ஒழுகும். ஒரு தடவை வாலிநோக்கம் விலக்கு தாண்டி ஒரு நரியை அடித்துவிட்டேன். இறங்கிப் பார்த்தபோது, முன்னால் போன லோடு வண்டி ஒழுகவிட்ட கோடு ரோட்டில் ஈரமாக இருந்தது. அதை நக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த நரியை நான் ஓரமாக இழுத்துப் போடவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் ஒரு நாயும் இரண்டு காக்கையும் செத்துக் கிடந்தன. செத்ததைத் தின்ன வந்தவை.

வண்டிக்காரக் காக்காவிடம் சொன்னேன். (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம், பறவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) "அதுக்கு நாம என்ன தம்பி செய்றது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு பழைய தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தார். அதைப் பெட்டிகளுக்குக் கீழே விரித்து, ஒரு மூலையில் குழாய் செருகித் தண்ணீரைக் கேனில் விழ வைத்தோம். டீக்கு நிறுத்தும் இடத்தில், ரோட்டிலிருந்து தள்ளிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் அதைக் கொட்டுவேன். வாடை தாங்காமல் டீக்கடைக்காரர் தினமும் திட்டுவார்.