அழகிப் போட்டியிலிருந்து வந்தவர் ஓடும் ரயிலில் பாய்ந்தது எப்படி?

"அழகிப் போட்டியில் வென்று நடிக்க வந்தவர்கள் சண்டைப் படங்களில் உண்மையாகவே சண்டை பிடிக்கிறார்களா, இல்லை எல்லாம் டூப்பும் கம்ப்யூட்டரும்தானா?" இதுதான் கேள்வி. கேட்டவர் பிரியங்கா சோப்ராவையும் எங்கள் நாட்டு ஜாக்குலின் பெர்னாண்டஸையும் உதாரணம் காட்டியிருக்கிறார்.

பிரியங்கா 2000இல் உலக அழகி. ஜாக்குலின் 2006இல் மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்கு இலங்கையிலிருந்து போனவர். இருவரும் சண்டைக் காட்சிகளில் நடித்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் மலேசிய நடிகை மிஷெல் யோவிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் பழக்குகிறவள். சினிமா என் தொழில் இல்லை. இருந்தாலும் இவருடைய கதை ஒரு நடனக்காரியின் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மிஷெல் யோ 1962இல் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். ஈப்போ என்றால் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் போன சொந்தக்காரர் ஒருவராவது பல யாழ்ப்பாணக் குடும்பங்களில் இருந்திருக்கிறார். அந்த ஊரில் வசதியான சீனக் குடும்பத்துப் பிள்ளை இவர். நான்கு வயதில் பாலே நடனம் பழகத் தொடங்கினார். பதின்ம வயதில் இங்கிலாந்துக்குப் போய் லண்டன் ரோயல் அகடமி ஒஃப் டான்ஸில் சேர்ந்தார். பாலே நடனக்காரியாகத்தான் வர ஆசைப்பட்டார். முதுகெலும்பில் அடிபட்டது. மேடையில் தொழிலாக ஆட முடியாது என்று ஆகிவிட்டது.

அழகிப் போட்டி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1983இல் மலேசிய அழகிப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டது அவருடைய தாய். வென்றார், அதே வருடம் லண்டனில் நடந்த உலக அழகிப் போட்டியிலும் கலந்துகொண்டார். பட்டம் கொடுத்தது ஒரே ஒரு வாசலை: ஹொங்கொங்கில் ஒரு கைக்கடிகார விளம்பரம். கூட நடிப்பவர் 'சிங் லுங்' என்று சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்றே இவருக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் ஜாக்கி சான். வீட்டில் ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்தவருக்கு, ஹொங்கொங் ஆட்கள் ஜாக்கி சானை அழைக்கும் பெயர் எப்படித் தெரியும்?

அந்த விளம்பரத்தைப் பார்த்துப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். 1984இல் வந்த முதல் படத்தில் இவருக்குச் சாந்தமான பெண் வேடம். சண்டை முழுக்க ஆண்களுக்கு. இவர் ஒரு பக்கம் நின்று அதைப் பார்த்திருக்கிறார். சண்டை அமைப்பதும் நடனம் அமைப்பதும் ஒரே மாதிரியான வேலை என்று பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டுகொண்டதும் எனக்கும் சண்டை வேடம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்.

சண்டையும் நடனமும் ஒரே மாதிரி என்றது வெறும் ஆசையில் வந்த பேச்சில்லை. ஹொங்கொங் சண்டைப் படங்களை எடுத்த ஜாக்கி சான், சம்மோ ஹங், கோரி யுவன் மூவரும் சிறு வயதில் ஒரே பள்ளியில் பழகியவர்கள். அங்கே சொல்லிக்கொடுத்தது தெருச் சண்டை இல்லை, பீக்கிங் ஒபரா. பாட்டு, நடனம், கரணம், ஆயுத ஆட்டம் எல்லாம் சேர்ந்த மேடைக் கலை அது. ஹொங்கொங் சண்டைப் படங்களின் அடி உதையில் ஒரு தாளம் கேட்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூத்தில் வாளெடுத்து நிற்பவனும் மத்தளத்துக்குத்தான் கால் வைப்பான். அடி எங்கே விழும், எதிராளி எப்போது விலகுவான் என்பதெல்லாம் தாளக்கட்டுக்குள் இருக்கிறது. இவருக்கு முன்பே, 1960களில் ஹொங்கொங் வாள்சண்டைப் படங்களின் நாயகியாக இருந்த செங் பெய்பெய்யும் நடனம் பழகிவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர்தான்.

இனி டூப் விஷயம். 1985இல் வந்த 'யெஸ், மேடம்' படத்தின் கடைசிச் சண்டையில் ஒரு சில வினாடிக் காட்சி இருக்கிறது. மிஷெல் மாடிக் கம்பியில் கால்களைக் கொழுவிக்கொண்டு பின்பக்கமாகத் தலைகீழாகச் சரிவார். தலையும் தோளும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகும். அதற்கு அப்பால் நிற்கிற இரண்டு பேரின் கால்களைப் பிடித்து இழுத்து விழுத்துவார். அதைச் செய்தது அவரேதான். எங்கள் வகுப்புப் பெரிய பிள்ளைகளுக்கு அதை ஃபோனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டியிருக்கிறேன். பார்க்க வேண்டியது கண்ணாடியை இல்லை, வயிற்றை. சரியும்போது வயிறும் இடுப்பும் இறுகிப் பிடித்திருப்பதால்தான் முதுகு மடியவில்லை. ஏற்கெனவே முதுகில் காயம்பட்ட ஒருவர் இதைச் செய்கிறார் என்றால், தன் உடம்பு எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று அணு அணுவாகத் தெரிந்திருக்க வேண்டும். அது சிறு வயதிலிருந்து வருடக்கணக்காகப் பழகிய உடம்புக்கு வருகிற அறிவு.

இறங்குவதும் அப்படித்தான். பரதநாட்டியத்தில் குதித்து ஆடுகிற குதித்துமெட்டு அடவில் முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், குதிக்கால் பிறகுதான் இறங்க வேண்டும். முழங்கால் மடிந்து கொடுக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் குதிக்காலில் தொம்மென்று விழுவார்கள், முழங்கால் நோகுது டீச்சர் என்பார்கள். பாலேயிலும் தாவி இறங்கும்போது இதே முறைதான். சண்டைப் பயிற்சியில் அடிப்பதை விட விழப் பழகுவதுதான் முதற்பாடம். மிஷெல் அந்தப் பாடத்தின் பாதியைப் பிள்ளைப் பருவத்திலேயே முடித்துவிட்டு வந்தவர். மீதியை ஸ்டண்ட் ஆட்களோடு ஒன்றாகப் பயிற்சி செய்து கற்றுக்கொண்டார்.

1988இல் கல்யாணம் செய்து நடிப்பை விட்டார். மணமுறிவுக்குப் பிறகு 1992இல் 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில் ஜாக்கி சானோடு திரும்பி வந்தார். ஓடுகிற ரயிலின் மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்வது அந்தப் படத்தில்தான். கோலாலம்பூரில் எடுத்தார்கள். அதற்கு முன் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓடவே தெரியாது. அந்தக் காட்சிக்காகத்தான் பழகினார். 1990இலிருந்து ரயிலே இல்லாமல் இருந்து, 2013இல் மறுபடியும் கிளிநொச்சிக்கு ரயில் வந்தபோது கடவையில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். பக்கத்தில் நின்றால் காற்று எப்படி அடிக்கும், நிலம் எப்படி அதிரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காட்சியைக் காட்டியபோது வகுப்பில் ஒருத்தியும் கதைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர் முடியும் முன் வன்னியில் வளர்ந்த எங்களுக்கு, பெண்ணொருத்தி சீருடையோடும் ஆயுதத்தோடும் நிற்பது படத்தில் மட்டும் கண்ட காட்சி இல்லை. அதனால் திரையில் ஒரு நடிகை துப்பாக்கி தூக்கினால் நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பாரம் தோளில் இறங்குகிறதா, கால் ஊன்றி நிற்கிறதா என்றுதான் கண் போகும். நிறையப் படங்களில் அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். மிஷெல் யோவிடம் அது நடந்ததில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவும் நினைக்க வேண்டாம். 1996இல் வந்த ஒரு படத்தில் ஸ்டண்ட் பெண்ணாகவே நடித்தார். பாலத்திலிருந்து லொறியில் குதிக்கும் காட்சியில் விழுந்த விதம் பிழையாகிப் படுகாயம். இனி நடிப்பதா என்று யோசித்துக்கொண்டு கிடந்த நேரத்தில் இயக்குநர் டரன்டினோ பார்க்க வந்து, இவருடைய சண்டைக் காட்சிகளை ஒவ்வொன்றாக வர்ணித்திருக்கிறார். அந்தப் பேச்சில்தான் திரும்பவும் உயிர் வந்தது என்று மிஷெலே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் ஜேம்ஸ் பொண்ட் படம். 2000இல் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்'. அந்தப் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே முழங்கால் சவ்வு கிழிந்து, சத்திரசிகிச்சை முடித்து வந்து நடித்தார். மண்டரின் வசனங்களை எழுத்து வாசிக்கத் தெரியாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்தார். அப்புறம் 2023 மார்ச்சில், அறுபது வயதில், 'எவ்ரிதிங் எவ்ரிவெயர் ஓல் அட் வன்ஸ்' படத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார். முதலில் ஜாக்கி சானை மனதில் வைத்து எழுதத் தொடங்கிய கதையைப் பெண்ணுக்கு மாற்றி எடுத்த படம் அது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: டூப் உண்டு, கம்பி கட்டித் தூக்குவதும் உண்டு, எல்லோருக்கும் உண்டு. ஆனால் அழகிப் பட்டம் யாரையும் சண்டைக்குத் தயார்படுத்துவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண் என்ன பழகினாள் என்று தேடிப் பாருங்கள்.

இதை நான் இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் இங்கே சில தாய்மார். பிள்ளை சாமத்தியப்பட்டதும் "இனி மேடை வேண்டாம் டீச்சர், படிப்பைப் பார்க்கட்டும்" என்று நிற்பாட்டிவிடுவார்கள். முழங்காலை மடித்து அரைவாசி இருக்கிற அரைமண்டியில் அசையாமல் நிற்கத் தொடங்கியிருக்கும் வயது அது. உடம்பு சொன்னபடி கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் நிற்பாட்டுகிறார்கள். என்னிடம் பழகிய ஒரு பிள்ளைக்குக் காலில் எறிகணைத் துண்டு இருக்கிறது. முழுமண்டி அவளுக்கு வராது, அபிநயத்தில் அவளை வெல்ல ஆளில்லை. அவளுடைய அம்மா ஒரு நாளும் வகுப்பை நிற்பாட்டவில்லை.

மிஷெலின் பழைய படங்களில் ஒன்றைப் பார்க்க நினைத்தால் 'போலீஸ் ஸ்டோரி 3' பாருங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிற்பாட்டிவிட வேண்டாம். பிழையாகிப் போன காட்சிகளை அதில் காட்டுவார்கள். ஓடுகிற வாகனத்திலிருந்து ஜாக்கி சானின் காரின் மேல் விழ வேண்டிய இடத்தில் மிஷெல் வழுக்கி றோட்டில் விழுகிறார். படத்தில் இருப்பது அதற்குப் பிறகு மறுபடியும் எடுத்தது.