கடலூர் கடலுக்கு கீழ 85 மீட்டர்ல இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் எம்.எஸ்சி ஸ்டூடன்ட், கெடிலம் ஆத்து வெள்ளம் எதுவரைக்கும் ஏறும்னு ப்ராஜெக்ட் பண்றேன். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரே இடத்துக்கு நாசாவோட எஸ்ஆர்டிஎம் உயர மேப்ல 5 மீட்டர்னு வருது, இஸ்ரோவோட கார்ட்டோடெம் உயர மேப்ல மைனஸ் 85னு வருது. கார்ட்டோடெம் தப்பா? (கடலூர் வாசகர்)

பதில்: தப்பு இல்ல தம்பி, ரெண்டும் வேற வேற இடத்துலேர்ந்து அளக்குது, அவ்ளோதான். எஸ்ஆர்டிஎம் உயரம் கடல் மட்டத்தை ஒட்டின ஜியாய்டுலேர்ந்து, கார்ட்டோடெம் உயரம் கணக்குக்காக வெச்சிருக்கிற எலிப்சாய்டுங்கிற வழவழப்பான கற்பனை உருண்டையிலேர்ந்து. இலங்கைக்கு தெக்க இந்தியப் பெருங்கடல்ல ஜியாய்டு 100 மீட்டருக்கு மேல பள்ளமா கிடக்கு, உலகத்துலயே பெரிய பள்ளம் அதுதான், அதோட சரிவுலதான் நம்ம கரையும் இருக்கு, அதனால இங்க கடல் மட்டமே எலிப்சாய்டுக்கு கிட்டத்தட்ட 90 மீட்டர் கீழ. மைனஸ் 85ல இருந்து மைனஸ் 90ஐ கழிங்க, 5 வந்துடும். முதல்ல ரெண்டையும் ஒரே டேட்டத்துக்கு, அதாவது உயரத்தை அளக்க ஆரம்பிக்கிற ஒரே அடிமட்டத்துக்கு, கொண்டு வாங்க, அதுக்கப்புறம் எது சரின்னு பேசலாம்.

அடுத்தது மரம். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில எண்டெவர் விண்கலத்துலேர்ந்து 11 நாள்ல ரேடார்ல எடுத்தது, அந்த ரேடார் அலை சவுக்குத் தோப்பு முந்திரித் தோப்பை முழுசா ஊடுருவி தரைக்கு போகாது, பாதி மரத்துலயே திரும்பிடும், அதனால தோப்பு இருக்குற இடம் மேடா தெரியும். 2011 டிசம்பர் 30ல தானே புயல்ல விழுந்துபோன தோப்பு எத்தனை, அதெல்லாம் அந்த டேட்டாவுல இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கு! நெய்வேலி சுரங்கம் அதுக்கப்புறம் விரிஞ்ச இடமும் அப்படித்தான், அப்ப சமதரையா இருந்தது இப்ப பள்ளம். இதையெல்லாம் பிழைன்னு கணக்குல சேர்த்துடாதீங்க, தரையே மாறிடுச்சு.

இப்ப செக் பண்ற வேலை. போன் ஜிபிஎஸ் காட்டுற உயரத்தை நம்பி இறங்காதீங்க, டிஜிபிஎஸ் (பிழையை திருத்திக்கிற துல்லியமான ஜிபிஎஸ்) வேணும், இல்லன்னா உயரம் தெரிஞ்ச பெஞ்ச் மார்க் குறியிலேர்ந்து ஆட்டோ லெவல்ங்கிற சர்வே கருவி வெச்சு உயரத்தை கொண்டு வாங்க. குறைஞ்சது 20 பாயிண்ட், வயல்ல, தோப்புல, ஊருக்குள்ளன்னு பிரிச்சு எடுங்க. வரப்பு மேல நிக்காதீங்க, டேட்டாவுல ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், 30 மீட்டர், அதுக்கு வரப்பு தெரியாது. டேட்டா உயரத்துலேர்ந்து நீங்க அளந்த உயரத்தை கழிச்சு வித்தியாசத்தை எடுத்ததும் உடனே ஆர்எம்எஸ்இ (வித்தியாசங்களோட வர்க்கத்துக்கு சராசரி எடுத்து அதுக்கு வர்க்கமூலம்) போடாம முதல்ல சராசரி பாருங்க. +3, +4, +3, +4னு வந்தா அது ஒரே பக்கம் சாய்ஞ்ச பிழை, 3.5ஐ கழிச்சா டேட்டா உருப்படும். +4, -3, +3, -4னு வந்தா சராசரி பூஜ்யம், ஆனா கழிக்க ஒண்ணும் இல்ல, ஆர்எம்எஸ்இ 3.5 அப்படியே நிக்கும். அதை தோப்புக்கு தனியா வயலுக்கு தனியா எழுதுங்க, எல்லாத்தையும் சேர்த்து ஒரே நம்பர் போட்டா தோப்புல இருக்குற பிழை வயல் மேல ஏறிடும்.

கேள்வி: எஸ்ஆர்டிஎம் பிழை 16 மீட்டர்னு போட்டிருக்கே, அப்போ எதுக்குமே ஆகாதா? (புதுச்சேரி வாசகி)

பதில்: 16ங்கிறது உலகம் முழுக்க 90 சதவீத இடத்துல இதுக்குள்ள இருக்கணும்னு வெச்ச இலக்கும்மா, மலை பள்ளத்தாக்கு எல்லாம் சேர்த்து. நம்ம மாதிரி சமவெளியில பொதுவா அதைவிட நல்லாவே வரும். தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு மாவட்ட அளவுல பாக்க தாராளமா போதும். ஆனா அது முழு மீட்டராத்தான் உயரம் சொல்லும், அரை மீட்டர் மேடு அதுல கிடையாது. 2015ல இடுப்பளவு தண்ணியில நின்ன தெருவுக்கு அந்த அரை மீட்டர்தான் கேள்வியே, அங்க வீடு காலி பண்ணணுமா வேணாமான்னு இதை வெச்சு யாரும் சொல்லிடக் கூடாது, தெருத்தெருவா லெவல் எடுத்தே ஆகணும்.