சபை நிலத்தில் கமிட்டி உறுப்பினரின் மைத்துனர் கடை கட்டலாமா?

கேள்வி: பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்று ஒரு குடும்பம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த நிலம் எங்கள் ஆலயத்தை ஒட்டி இருக்கிறது. சேகரக் கமிட்டி (எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் குழு) உறுப்பினர் ஒருவர், கடைகள் கட்டிக்கொள்ள அதைத் தன் மைத்துனருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்கிறார். அந்த மைத்துனர் போடும் மனைப் பிரிவைப் பற்றிச் சேகரகுரு (எங்கள் போதகர்) ஞாயிறு அறிவிப்பிலேயே வாசிக்கிறார். சேகரகுருவுக்குக் கமிஷன் உண்டு என்கிறார்கள். கேட்டால், ‘சபைக்கு வருமானம்தானே’ என்று பதில் வருகிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: சபை தன் நிலத்தை வாடகைக்கு விடுவதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த வாடகையில் ஏழைப் பிள்ளைகள் படித்தால் நானே வரவேற்பேன். ஆனால், பள்ளிக்கூடத்துக்கு வந்த நிலம் கமிட்டி உறுப்பினரின் குடும்பத்துக்குப் போவது வேறு விஷயம்.

முதலில் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். நிலம் பள்ளிக்கென்றே பத்திரத்தில் இருந்தால், அது பொது அறச் சொத்து என்று வாதிட உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு. கமிட்டி அதற்குப் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. பொறுப்பில் இருப்பவர் அந்தச் சொத்திலிருந்து சொந்த ஆதாயம் தேடக்கூடாது என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1298-ஆம் விதி இன்னும் வெளிப்படையானது. நிர்வாகிக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ, அற்பமான பொருளாக இருந்தாலொழிய, மேலதிகாரியின் தனி எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது. நீங்கள் கத்தோலிக்கச் சபை அல்லாததால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் திருமண்டல (பேராயரின் கீழுள்ள மறைமாவட்ட) அமைப்பு விதிகளில் இதைப் போன்ற தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். தென்னிந்தியத் திருச்சபையில் பெரும்பாலும் டிரஸ்ட் அசோசியேஷன் என்ற கம்பெனியின் பெயரில் இருக்கும். அப்படியானால், அதன் அதிகாரம் பெறாமல் உள்ளூர்க் கமிட்டி போடும் குத்தகை செல்லாது. சேகரக் கமிட்டிக்கும் பேராயருக்கும் டிரஸ்ட் அசோசியேஷனுக்கும் பதிவுத் தபாலில் ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள்.

கேட்கவில்லை என்றால் நீதிமன்றம்தான். அறநிலையத் துறையிடம் மனு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள்; அந்தத் துறைக்குக் கிறிஸ்தவ ஆலயங்கள் மேல் அதிகாரம் இல்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில், அறச் சொத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு வழக்குப் போடலாம். கணக்குக் கேட்கலாம், பொறுப்பாளரை நீக்கக் கேட்கலாம், நிர்வாகத் திட்டம் வகுத்துத் தரவும் கேட்கலாம். ‘எனக்கு இழப்பு’ என்று மனுவில் எழுதாதீர்கள். சொந்த உரிமைக்காகப் போடும் வழக்கு இந்தப் பிரிவில் நிற்காது.

என்னை அதிகம் உறுத்துவது அந்த ஞாயிறு அறிவிப்பு. ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் முதியவர், ஆராதனையில் சேகரகுரு சொன்னால் பத்திரத்தைக்கூடப் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடுவார். அறிவிப்பு வாசித்தார் என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. ஆனால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பதிவு செய்த மனைப் பிரிவாகவே இருந்தாலும், கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்துவிடுபவர் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அங்கேயே புகார் கொடுங்கள்.

கமிஷன் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கும்வரை அதைக் கடிதத்திலோ சபை வாட்ஸ்அப் குழுவிலோ எழுதவேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். குத்தகை இன்னும் பதிவாகவில்லை என்றால் ஆட்சேபக் கடிதம் இந்த வாரமே போகட்டும். பதிவாகிவிட்டிருந்தால், கட்டடம் எழும்புவதற்கு முன் தடை உத்தரவு கேட்கும் மனுவையும் வழக்கோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.