பிரெஞ்சுப் புரட்சியும் தொழிற்புரட்சியும் ஆங்கில ரொமான்டிக் இலக்கியத்தை எப்படி மாற்றின?

"ரொமான்டிக் கவிஞர்கள் நகரத்தை வெறுத்து இயற்கையிடம் ஓடிப்போனவர்கள் என்றுதான் எங்கள் நோட்ஸில் இருக்கிறது. அப்படியானால் இரண்டு புரட்சிகளுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். நான் 18 வருடமாக ஒரு கலைக் கல்லூரியில் இந்தத் தாளை நடத்துகிறேன். மாணவனாக இருந்தபோது இதே நோட்ஸை நானும் மனப்பாடம் செய்தவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஓடிப்போனவர்கள்" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கவிதைக்குப் பக்கத்திலும் அது எழுதப்பட்ட வருடத்தைப் பென்சிலால் குறியுங்கள். அந்த வருடம் பிரிட்டனில் என்ன நடந்தது என்று அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். என் வகுப்பில் முதல் நாள் வேலை இதுதான்.

1789. பாரிஸில் பாஸ்டில் சிறை வீழ்ந்த வருடம். அதே வருடம் லண்டனில் செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்துவந்த வில்லியம் பிளேக், தானே செதுக்கி, தானே அச்சிட்டு, 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். அதில் புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன் ஒருவன் பேசுகிறான். அம்மா செத்தபோது நான் ரொம்பச் சின்னவன், "வீப் வீப்" என்று கத்தக்கூட நாக்கு திரும்பாத வயதில் அப்பா என்னை விற்றுவிட்டார் என்கிறான். தெருவில் கூவ வேண்டிய சொல் "ஸ்வீப்", அதாவது புகைபோக்கி துடைப்பவன் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். மழலை வாய்க்கு முதல் எழுத்து வரவில்லை. மிஞ்சிய "வீப்" என்றால் ஆங்கிலத்தில் "அழு". குழந்தை வேலை கேட்டுக் கூவுகிறது, காதில் விழுவது அழுகை.

நிலக்கரி எரித்த லண்டன் வீடுகளின் புகைக்குழாய்கள் குறுகலானவை. பெரியவர்கள் நுழைய முடியாது என்பதால் பிள்ளைகளை ஏற்றினார்கள். 8 வயதுக்குக் கீழே யாரையும் இந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்று முந்தைய வருடம், 1788-ல், சட்டம் வந்திருந்தது. அதை அமல்படுத்த ஆள் இல்லை. இந்தக் கொடுமை உண்மையில் ஒழிய 1875 வரை ஆனது. கவிதையில் டாம் என்ற இன்னொரு பையனுக்கு மொட்டை அடிக்கிறார்கள், அவன் அழுகிறான். "அழாதேடா, மொட்டை அடித்துவிட்டால் உன் வெள்ளை முடியைக் கரி கெடுக்காது அல்லவா" என்று இவன் தேற்றுகிறான். இத்தனை வருடம் கழித்தும் இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்கும்போது எனக்குக் குரல் கம்மிவிடும்.

அதே 1789-ல் பிரான்ஸில் எழுதிய மனித உரிமைப் பிரகடனம், மனிதர்கள் உரிமையோடு பிறக்கிறார்கள் என்றது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் ஆட்களைக் குறிக்கப் புழங்கிய சொல் "கைகள்". இத்தனை கை வேலைக்கு வேண்டும், இத்தனை கையை நிறுத்திவிடு. இரண்டு பேச்சும் ஒரே தலைமுறையின் காதில் விழுந்தன. முதல் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தவர்கள் இரண்டாவதைச் சகித்துக்கொள்ள முடியாமல் எழுதியதைத்தான் நாம் ரொமான்டிக் இலக்கியம் என்கிறோம். என் புரிதல் இதுதான்.

வேர்ட்ஸ்வொர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1790 ஜூலை 13 அன்று, 20 வயது கேம்பிரிட்ஜ் மாணவராக, நண்பர் ஒருவரோடு கலே துறைமுகத்தில் இறங்கினார். மறுநாள் பாஸ்டில் வீழ்ந்த முதலாண்டு விழா, பிரான்ஸ் முழுக்கக் கொண்டாட்டம். அடுத்த வருடமே திரும்பிப் போய்ப் பிளுவா நகரில் தங்கினார். அங்கே மிஷேல் போப்யூயி என்ற ராணுவ அதிகாரி நண்பரானார். இருவரும் ஒரு நாள் நடந்து போகையில், பசியில் ஒடுங்கிய ஒரு பெண் எதிரே வருகிறாள். கையில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடாரிக் கன்று. அது பாதையோரம் கிடைத்ததைக் கடிக்கிறது. அதன் நடைக்கு ஏற்ப இவளும் ஊர்ந்து நடக்கிறாள், வெளுத்துப்போன விரல்கள் எதையோ பின்னிக்கொண்டே இருக்கின்றன. போப்யூயி அவளைக் காட்டி, "இதை எதிர்த்துத்தான் நாம் போராடுகிறோம்" என்றார். 'த பிரெலூட்' என்ற நீண்ட சுயசரிதைக் கவிதையில் இது வருகிறது. "அந்த விடியலில் உயிரோடு இருந்ததே பேரின்பம்" என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வரிக்கு அடியில் நிற்பவள் இந்தக் கன்றுக்காரப் பெண்.

பிறகு எல்லாம் கெட்டது. 1792 செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் படுகொலை. 1793 ஜனவரியில் மன்னரின் தலை விழுந்தது, பிப்ரவரியில் பிரிட்டனோடு போர். வேர்ட்ஸ்வொர்த்தின் காதலி அனெத் வல்லோனும் 1792 டிசம்பரில் பிறந்த மகள் கரோலினும் கடலுக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். போர் ஓய்ந்த 1802-ல்தான் கலே கடற்கரையில் மகளோடு சில வாரங்கள் இருக்க முடிந்தது. ஊர்க் கோயிலில் எல்லோரும் ஆங்கிலேய வெற்றிக்காகப் பிரார்த்திக்க, தான் மட்டும் அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். சொந்த நாடு ஒரு பக்கம், நம்பிக்கை இன்னொரு பக்கம் என்று பிளந்து போனவரின் வரி அது.

உள்நாட்டில் பயம் ஆண்டது. புரட்சியை எதிர்த்து எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதி 1790-ல் எழுதினார். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், தாமஸ் பெய்ன் என்ற எழுத்தாளர்கள் அவருக்குப் பதில் எழுதினார்கள். பெய்ன் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. சாதாரண ஆட்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று சங்கம் நடத்திய தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைப்பவரை 1794-ல் தேசத்துரோக வழக்கில் நிறுத்தினார்கள், ஜூரி விடுவித்தது. அரசு விடவில்லை. 50 பேருக்கு மேல் கூடும் அரசியல் கூட்டங்களுக்கு 1795-ல் கடிவாளம் போட்டது. 1797-ல் சாமர்செட் கிராமத்தில் மலையும் ஓடையும் பார்த்து நடந்துகொண்டிருந்த வேர்ட்ஸ்வொர்த்தையும் அவருடைய கவிஞர் நண்பர் கோல்ரிட்ஜையும் கண்காணிக்க லண்டனிலிருந்து ஒற்றனே வந்தான். ஓடையைப் பற்றிக் குறிப்பெடுத்தால்கூட, பிரெஞ்சுக் கப்பலுக்கு வழி காட்டுகிறானோ என்று சந்தேகிக்கும் காலம். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' நூலில் ஆசிரியர் பெயரே கிடையாது.

அந்த நூலின் 1800 பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரையை உங்கள் நோட்ஸ் "எளிய மொழிக் கொள்கை" என்று ஒரே வரியில் முடித்திருக்கும். நகரங்களில் ஜனம் குவிகிறது, தினமும் ஒரே மாதிரி வேலை, அதனால் மனசு மரத்துப்போய்ப் பரபரப்பான சேதிக்கு ஏங்குகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறார். மொழியைப் பற்றிய கொள்கை ஆலை வேலையைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்திருக்கிறது.

அதே பதிப்பில் 'மைக்கேல்' என்ற கவிதை வந்தது. மலையடிவாரத்தில் சொந்த நிலமும் ஆடும் வைத்திருக்கும் கிழவர். உறவுக்காரனுக்கு ஜாமீன் நின்று கடனில் மாட்டுகிறார். நிலத்தை விற்க மனமில்லாமல் ஒரே மகன் லூக்கை நகரத்துக்குச் சம்பாதிக்க அனுப்புகிறார். புறப்படும் முன் மாலை, ஆட்டுப்பட்டி கட்டக் குவித்த கற்களில் முதல் கல்லை அவன் கையால் வைக்கச் சொல்கிறார். அப்போது அவருக்கு 84 வயது. லூக் நகரத்தில் கெட்டுப்போய்க் கடல் கடந்து மறைந்துவிடுகிறான். கிழவர் அதன்பிறகும் அந்தக் கற்குவியலுக்குப் போய்வருகிறார். பல நாள் போய் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை என்று ஊர் பேசிக்கொள்கிறது. அவ்வளவுதான் சொல்கிறது கவிதை.

இந்தக் கவிதை இருந்த தொகுப்பை 1801 ஜனவரியில் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல் தலைவருக்குக் கடிதத்தோடு அனுப்பினார் வேர்ட்ஸ்வொர்த். ஏழைகளின் குடும்பப் பாசம் அழிந்துவருகிறது என்று சொல்லிக் காரணங்களை அடுக்குகிறார்: எங்கும் பரவும் ஆலைத் தொழில், ஏழை விடுதிகள், கூலிக்கும் விலைவாசிக்கும் நடுவே கூடிக்கொண்டே போகும் இடைவெளி, தபால் வரி. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நகரத்துக்குப் போன பிள்ளைக்கு ஒரு கடிதம் போடக்கூடக் காசு இல்லை. இயற்கைக் கவிஞர் என்று நாம் முத்திரை குத்தியவர் தபால் கட்டணத்தைப் பற்றி அரசியல்வாதிக்கு எழுதியிருக்கிறார்.

பிற்காலத்தில் அவர் மாறினார். 1813-ல் அரசு முத்திரைத்தாள் விநியோகப் பதவி ஏற்றார். 1844-ல் தான் வாழ்ந்த ஏரி மாவட்டத்துக்கு ரயில் வருவதை எதிர்த்தபோது, ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு அந்த அழகால் பயனில்லை என்று வாதிட்டார். 'மைக்கேல்' எழுதிய கை இதையும் எழுதியது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது.

கவிஞர் பைரன் பிரபு வேறு ரகம். நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் 1811-ல் பின்னல் தறிகளை உடைக்கத் தொடங்கினார்கள். அவர்களை லட்டைட்டுகள் என்பார்கள். இயந்திரம் என்றாலே வெறுத்த பாமரர்கள் என்று இன்று பலர் நினைப்பது தவறு. கூலியைக் குறைத்து, மட்டமான சரக்கைக் குவித்த முறையைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். தறி உடைத்தால் தூக்கு என்று அரசு மசோதா கொண்டுவந்தது. 24 வயது பைரன் 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை இந்த மசோதாவுக்கு எதிராகப் பேசினார். துருக்கியின் மிகவும் ஒடுக்கப்பட்ட மாகாணங்களிலும் பார்க்காத வறுமையை என் நாட்டின் நடுவில் பார்த்தேன் என்றார். சட்டம் நிறைவேறியது. 1813 ஜனவரியில் யார்க் நகரில், லட்டைட் கலவர வழக்குகளில் 17 பேர் தூக்கில் தொங்கினார்கள்.

இந்தத் துணிக் கதையில் நமக்கும் இடம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கம்பெனிக் கப்பலில் போன சாயத்துணி அங்கே அவ்வளவு பிரபலமானதால், 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணி உடுத்தவே தடைச் சட்டம் போட்டார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் வளர்ந்தது லங்காஷயர். ஆலைக்குப் பஞ்சு அமெரிக்க அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. கோல்ரிட்ஜ் 1795-ல் பிரிஸ்டலில் அடிமை வணிகத்துக்கு எதிராகப் பேசி, அடிமை உழைப்பில் வந்த சர்க்கரையையும் ரம்மையும் விடச் சொன்னார். நம் நெசவாளியின் பக்கம் இவர்கள் பார்வை போகவில்லை.

1819-க்கு வாருங்கள். ஆகஸ்ட் 16, மான்செஸ்டர், செயின்ட் பீட்டர்ஸ் மைதானம். ஓட்டுரிமை கேட்டுக் கிட்டத்தட்ட 60,000 பேர் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். நான்கு வருடம் முன்பு நடந்த வாட்டர்லூ போரை நினைத்து இதைப் பீட்டர்லூ என்றார்கள். இத்தாலியில் இருந்த கவிஞர் ஷெல்லி சேதி கேட்டுக் கொதித்து 'த மாஸ்க் ஆஃப் அனார்க்கி' எழுதி லண்டனில் பத்திரிகை நடத்திய லீ ஹன்டுக்கு அனுப்பினார். "நீங்கள் பலர், அவர்கள் சிலர்" என்று முடியும் கவிதை. ஹன்ட் ஏற்கெனவே இளவரசரைத் தாக்கி எழுதியதற்காகச் சிறை சென்று வந்தவர், வெளியிடவில்லை. 1832-ல்தான் வெளிவந்தது. ஷெல்லி கடலில் மூழ்கி அதற்குள் 10 வருடம் ஆகிவிட்டது. பீட்டர்லூவுக்கு அடுத்த மாதம் கீட்ஸ் இலையுதிர்காலத்தைப் பற்றிய தன் பாடலை எழுதினார். அதில் அரசியல் இருக்கிறதா என்று விமர்சகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதில் தலையில் சுமையோடு ஓடையைத் தாண்டும் பெண் கதிர் பொறுக்கி வருகிறாள். அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமை அல்ல என்று 1788-லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது என்பதைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, பாடத்திட்டத்தில் பெரும்பாலும் விடுபடும் ஜான் கிளேர். 1793-ல் நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்த பண்ணைக் கூலி. அந்த ஊரில் மந்தைவெளி இருந்தது. யாரும் மாடு மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம், குறுக்கே நடக்கலாம். 1809-ல் பாராளுமன்றச் சட்டம் வந்து அதைப் பங்கு போட்டது. வேலி விழுந்தது, "இந்தப் பக்கம் வழியில்லை" என்று பலகை முளைத்தது. தொழிற்புரட்சி என்றால் நமக்கு ஆலைச் சங்குதான் நினைவுக்கு வரும். கிராமத்தில் வாழ்க்கை தலைகீழானது இந்த வேலியால்தான். குட்டிக் கொடுங்கோலன் ஒவ்வொருவனும் தன் குட்டிப் பலகையோடு நிற்கிறான் என்று கிளேர் எழுதினார். 1820-ல் வந்த முதல் புத்தகத்தில் செல்வத்தைச் சபித்த வரிகளைப் பிரபு ஒருவரின் வற்புறுத்தலால் பின்வந்த பதிப்பில் வெட்டினார்கள்.

பிறகு அவருக்கு மனநிலை பாதித்தது. எசெக்ஸில் ஒரு மனநல விடுதியில் வைத்திருந்தார்கள். 1841 ஜூலையில் அங்கிருந்து வெளியேறி, காசில்லாமல், கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் நடந்தே வீடு திரும்பினார். வழியில் பசிக்குப் பாதையோரப் புல்லைத் தின்றேன், ரொட்டி மாதிரி ருசித்தது என்று எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்பார்கள். அவர் முதல் ராத்திரி வேண்டுமென்றே வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறார். ஊர் அந்தத் திசையில் இருந்தது, விடிந்து எழுந்ததும் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பதற்காக.