ராஸ்பெரி பை 4: படம் ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆவது பற்றி

தம்பி, ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் செயலியில் படம் போட்டால், மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து பை ரீஸ்டார்ட் ஆகிறது, முள்ளியவளையில் பின்னேரம் கரண்ட் குறைவதுதான் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது இல்லை. நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பைக்குள் வரும் 5 வோல்ட் சுமார் 4.63க்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த மின்னல் தெரியும். நீங்கள் போட்டிருக்கும் போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும்தான் நான் சந்தேகிக்கிறேன். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். ஆனால் பையின் நாலு யூஎஸ்பி துளைக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு படத்தைப் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், டிஸ்க் இழுக்கும் மின்சாரம்தான் பிரச்சினை என்பது தெளிவு. அப்புறம் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள், கேபிள் அதோடேயே பொருத்தி வருவது நல்லது. டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் போடுங்கள். காசு இரண்டுக்கும் போதாதென்றால் அடாப்டர்தான் முதலில்.

அதுவரை அந்த டிஸ்க்கைச் செருக வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்களும் பழுதாகலாம்.

அம்மாவுக்குத் தனி ரிமோட் தேவையில்லை. டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அனுப்பும் வசதி) இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், டிவி ரிமோட்டே கோடிக்கும் வேலை செய்யும்.